பவுடர் பிரஷ் படுத்திய பாடு

"இந்த வீட்டில் இனிமேல் ஒருவர் சாமானை இன்னொருவர் தொடக் கூடாது. தொட்டால், தொட்டவருக்கு ஜன்னலோர மேஜை கிடையாது."

இந்தச் சட்டத்தைப் போட்டது வேறு யாருமில்லை, வாட்ச்காரர்தான். போட்டபோது ஒரு காலைத் தூக்கி ஸ்டூல் மேல் வைத்திருந்தார். குரலைக்கூடக் கொஞ்சம் கனமாக்கிக்கொண்டார். தன் காலுக்கான கயிற்றைத் தானே முறுக்குகிறவர்களுக்கு அப்படி ஒரு கம்பீரம் வரத்தான் செய்யும்.

அவருக்குக் கடிகாரம் பழுது பார்க்கிற தொழில். கடை என்று தனியாகக் கிடையாது. முன்னறையில் ஜன்னலோரமாகக் கிடந்த மேஜைதான் கடை. அவர் மனைவிக்குக் கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுகிற தொழில். முள்ளும் திருகாணியும் அவர் கை வேலை, மூக்கும் முழியும் அவள் கை வேலை. இரண்டுக்கும் வேண்டியது ஒன்றே ஒன்று, நல்ல வெளிச்சம். அந்த வீட்டில் வெளிச்சம் நுழைகிற ஜன்னல் அது ஒன்றுதான். மற்ற ஜன்னல்களெல்லாம் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தபடி சும்மா நின்றன.

மனைவி பொய் இமை ஒட்டுவதற்காக ஒருநாள் அவர் முள்ளைப் பிடித்து எடுக்கிற சின்னச் சாமணத்தை எடுத்தாள். திரும்பி வந்தபோது அதன் இரண்டு நுனியும் பசையில் ஒட்டிக்கொண்டு, பிரிய மாட்டேன் என்றது. அன்றைக்குத்தான் வாட்ச்காரர் ஸ்டூல் மேல் காலை வைத்தார். நடுவராக, மாடி வீட்டு அம்பயரைக் கூப்பிட்டார். அந்த மனிதர் மைதானத்தில் கிரிக்கெட் ஆட்டங்களுக்கு நடுவராக நிற்பவர். அவர் பேர் என்ன என்பதைத் தெருவே மறந்துபோயிருந்தது.

"வாரத்துல ரெண்டு அரை நாளாவது மேஜையை எனக்குக் குடுக்கச் சொல்லுங்கண்ணே," என்று மனைவி கேட்டாள். "பல்பு வெளிச்சத்துல ஒத்திகை மேக்கப் போட்டா, வெளியில போனதும் பொண்ணு வேற யாரோ மாதிரி தெரியுறா."

"முதல்ல சட்டம், அப்புறம்தான் மேஜை," என்றார் வாட்ச்காரர். "சாமணத்தை எடுத்தது யாரு? அதனால மேஜை எனக்கு. என்னிக்காவது நான் உன் சாமானைத் தொட்டா, அன்னியிலேருந்து மேஜை உனக்கு. சரியா?"

"தொட்டுட்டு இல்லம்பீங்களே!"

"சாட்சியோட வா."

அதுதான் சங்கதி. வாதாடுவதில் வாட்ச்காரரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. தட்டிலிருந்த கடைசி வடையைத் தின்றது யார் என்று கேட்டால், வடை இருந்ததற்கே ஆதாரம் கேட்பார். மனைவி பெருமூச்சு விட்டுவிட்டு உள்ளே போனாள். மேஜை அவரிடமே நின்றது.

பிறகு அந்தக் காலை வந்தது. மனைவி ஒரு கல்யாண வேலைக்காகப் பெரிய பெட்டியோடு கிளம்பினாள். அலமாரி மேல் இரண்டு கண்ணாடி டம்ளர்களில் அவளுடைய வீட்டுப் பிரஷ்கள் நின்றன. முந்தின நாள் ஒரு பெண்ணுக்கு ஒத்திகை மேக்கப் போட்டது. எல்லாம் வண்ணமும் பவுடருமாக இருந்தன.

"சாயங்காலம் வந்து கழுவிக்கறேன். அதுல கை வெச்சுடாதீங்க."

"எனக்கு அது எதுக்கு? நான் என்ன பூசிக்கவா போறேன்?" என்றார் வாட்ச்காரர். சில வார்த்தைகளை வாய் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

அவர் முன்னால் பழைய பாக்கெட் கடிகாரம் ஒன்று திறந்து கிடந்தது. டயலில், சின்ன முள்ளுக்குப் பக்கத்தில், ஒரு பஞ்சு இழை உட்கார்ந்திருந்தது. ரப்பர் பந்தை அமுக்கிக் காற்றடித்தார். இழை எழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி, பெரிய முள்ளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. தன் பிரஷ்ஷால் தள்ளிப் பார்த்தார். பிரஷ் தன் முடி ஒன்றையும் இழைக்குத் துணையாக விட்டுவிட்டு வந்தது.

வாட்ச்காரர் நிமிர்ந்தார். எதிரே டம்ளர். டம்ளரில் எல்லாவற்றுக்கும் மேலே தலையை நீட்டிக்கொண்டு பவுடர் பிரஷ். வெள்ளையாக, குண்டாக, புஸுபுஸு என்று.

அது எவ்வளவு மிருதுவாக இருக்கும்?

இதுதான் அவரிடம் இருந்த ஒரே வியாதி. எதையாவது பார்த்தால் அது எப்படி இருக்கும், உள்ளே என்ன இருக்கும் என்று தெரிந்தாக வேண்டும். இந்தக் குணத்தால்தான் அவர் தொழிலுக்கு வந்தார். இதே குணத்தால்தான் அவருடைய அப்பாவின் அலாரம் கடிகாரம் ஒருநாள் நின்று, பிறகு எழுந்திருக்கவே இல்லை.

பிரஷ்ஷை எடுத்தார். புறங்கையில் வைத்தார். வைத்த மாதிரியே தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மறுபடி வைத்தார். "அட!" என்றார். பவுடரைச் சட்டையில் தட்டிவிட்டு, டயல் மேல் ஒரே ஒரு தடவை இழுத்தார். பஞ்சு இழை போன இடம் தெரியவில்லை. அத்தோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆசை யாரை விட்டது? பாக்கெட் கடிகாரத்தின் மூடியைத் துடைத்தார். பழுதுக்கு வந்திருந்த ஓர் அலாரம் கடிகாரத்தின் பல்சக்கரங்களையும் துடைத்தார். அங்கேதான் பழைய எண்ணெய் அழுக்கு இருந்தது. வெள்ளைப் பிரஷ்ஷுக்குக் கறுப்பு மீசை முளைத்துவிட்டது.

வாட்ச்காரர் துள்ளி எழுந்தார். ஓடிப்போய்க் குழாயைத் திறந்து, துணி சோப்பை எடுத்து நாலு தேய் தேய்த்தார். மீசை போகவில்லை. குண்டுப் பிரஷ் மட்டும் நனைந்து, ஒடுங்கி, எலி வாலாக நின்றது. இனி ஒரே வழிதான். போனை எடுத்தார்.

"என்னங்க? பொண்ணுக்குப் பாதி முகம்தான் முடிஞ்சிருக்கு. என்ன அவசரம்?"

"அவசரமெல்லாம் ஒண்ணுமில்ல. சும்மா, பொது அறிவுக்காக ஒண்ணு கேக்கலாம்னு."

"பொது அறிவா? உங்களுக்கா?"

"ஒரு பிரஷ் இருக்குன்னு வெச்சுக்கோ. அதுல எண்ணெய் பட்டுடுச்சுன்னு வெச்சுக்கோ."

"யாரோட பிரஷ்ஷு?"

"என்னோடதுதான். வாட்ச் பிரஷ்ஷு."

"அதுல மொத்தமே பத்து முடிதானே இருக்கு? தூக்கிப் போடுங்க."

"பத்து முடியா இருந்தா என்ன, இத்தனை வருஷமா உழைச்சிருக்கில்ல?"

மனைவியின் குரல் திடீரென்று மிகவும் இதமாக மாறியது. "என்ன முடி? நைலானா, ஆட்டு முடியா?"

"ஆட்டு முடி."

"வாட்ச் பிரஷ் எப்பங்க ஆட்டு முடிக்கு மாறுச்சு?"

"ரெண்டுக்கும் சேத்துச் சொல்லேன்! தெரிஞ்சு வெச்சுக்கறது நல்லதுதானே?"

"நல்லதுதான். துணி சோப்பு போட்டுடாதீங்க, முடி வறண்டுடும். குழந்தைங்க ஷாம்பு ரெண்டு சொட்டு உள்ளங்கையில விட்டு, வெதுவெதுன்னு இருக்கற தண்ணியில பிரஷ்ஷை நனைச்சு, கையிலயே வட்டமாச் சுத்துங்க. முடி எப்பவும் கீழ பாத்துத்தான் இருக்கணும். மேல பாத்தா முடியைப் பிடிச்சிருக்கற அந்தத் தகரக் குழாய்க்குள்ள தண்ணி இறங்கி, பசை விட்டு, முடி கொத்தா வந்துடும்."

வாட்ச்காரர் சட்டென்று பிரஷ்ஷைத் தலைகீழாகத் திருப்பினார்.

"அப்புறம் துண்டுல ஒத்தி எடுத்து, விரலால பழைய உருவத்துக்குக் கொண்டு வாங்க. மேஜை விளிம்புல படுக்க வெச்சு, தலை மட்டும் வெளிய நீட்டிட்டிருக்கற மாதிரி காய வைங்க. வெயில் வேண்டாம், சூடு வேண்டாம். பாவம், உங்க பத்து முடி."

சொன்னபடி செய்தார். மீசை போயிற்று. சின்ன மின்விசிறியைத் தூரத்தில் வைத்துக் காற்றுக் காட்டினார். காயக் காய, எலி வால் மறுபடியும் குண்டானது. வாட்ச்காரர் வாயெல்லாம் பல்லாகப் பிரஷ்ஷை டம்ளரில் செருகிவிட்டு ஓரடி பின்வாங்கிப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

அழுக்குப் பிரஷ்களுக்கு நடுவில் ஒன்றே ஒன்று பளீர் என்று நின்றது. கதவைத் திறந்ததுமே தெரிந்துவிடும். யோசித்தார். ஒன்று மட்டும் சுத்தமாக இருந்தால்தானே சந்தேகம் வரும்? எல்லாம் சுத்தமாக இருந்தால்? இரண்டு டம்ளரையும் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனார்.

அங்கேதான் அவருக்கு வேடிக்கை பிடித்துக்கொண்டது. கன்னத்துப் பிரஷ் ரோஜா நிறத்தை விட்டது. கண்ணிமைப் பிரஷ் ஒன்று நீலம், ஒன்று பழுப்பு. கிரீம் பூசுகிற தட்டைப் பிரஷ் லேசில் விட்டுக்கொடுக்கவில்லை. மூன்று முறை ஷாம்பு போட்டும் மனித நிறத்தில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. ஒன்று ஏன் சாய்வாக வெட்டியிருக்கிறது? ஒன்று ஏன் பாட்டில் கழுவுகிற பிரஷ்ஷின் குட்டி மாதிரி சுருண்டிருக்கிறது? ஒன்று விசிறியாக விரிந்திருந்தது. அது எதற்கென்று அவருக்கு எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. இத்தனை வருஷமாக இவை அலமாரி மேல்தானே இருந்தன, ஒருநாளும் நாம் கேட்கவில்லையே என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

எல்லாம் மேஜை விளிம்பில் தலை நீட்டிப் படுத்துக் காய்ந்தன. காய்ந்ததும் டம்ளருக்குப் போயின. வாட்ச்காரர் மறுபடி ஓரடி பின்வாங்கினார். மறுபடியும் சிரிப்பு நின்றது.

சாயங்காலம் வந்து கழுவுகிறேன் என்று சொன்னவள், கழுவி வைத்த பிரஷ்களைப் பார்த்தால் என்ன நினைப்பாள்? பிரஷ்கள் தாங்களே இறங்கிப்போய்க் குளித்துவிட்டு வந்தன என்றா? மேஜை கையை விட்டுப் போவது அவர் கண்ணுக்குத் தெரிந்தது. இருட்டு மூலையில், பல்புக்கு அடியில், லென்ஸை மாட்டிக்கொண்டு திருகாணியைத் தடவித் தேடுகிற தன் உருவமும் தெரிந்தது. எல்லாவற்றையும் மறுபடி அழுக்காக்க வேண்டியதுதான். ஆனால் எந்தப் பிரஷ்ஷுக்கு எந்த அழுக்கு?

"ஹலோ, இன்னொரு பொது அறிவு."

"சொல்லுங்க, இப்ப பொண்ணோட தங்கச்சி முறை, அவ கண்ணை மூடிட்டுத்தான் இருக்கா."

"இங்க வாட்ச் குடுக்க ஒரு பொண்ணு வந்திருக்கு. கன்னத்துக்கு எந்தப் பிரஷ்ஷு, கண்ணுக்கு எந்தப் பிரஷ்ஷுன்னு கேக்குது."

"வாட்ச் குடுக்க வந்த பொண்ணு?"

"ஆமா. உன்னைப் பத்தி ரொம்ப உயர்வாச் சொல்லுது."

"அப்படியா? சாய்வா வெட்டினது கன்னத்துக்கு, ரோஜா கலர். நுனி உருண்டையா இருக்கற சின்னது ரெண்டும் இமைக்கு. ஒண்ணு நீலம், ஒண்ணு பழுப்பு. ஊசி மாதிரி இருக்கறது கண்ணுக்கு மை கோடு போட. சுருள் பிரஷ் புருவம் வார. எல்லாப் பவுடர் டப்பாவும் அலமாரி ரெண்டாவது தட்டுல இருக்கு."

"ரெண்டாவது தட்டுல... சரி சரி, அந்தப் பொண்ணு வீட்டு அலமாரியிலயும் அப்படித்தான் இருக்குமாம்."

"இருக்கும். ஒண்ணு அந்தப் பொண்ணுகிட்ட மறக்காம சொல்லுங்க. பிரஷ்ஷைச் சும்மா டப்பாவுல முக்கி எடுத்தா கலர் நுனியில மட்டும்தான் நிக்கும். பாத்தாலே பொய்யின்னு தெரிஞ்சுடும். முகத்துல போட்டாத்தான் உள்ள இறங்கும்."

"முகத்துலயா?"

"பின்ன, சுவத்துலயா?"

வாட்ச்காரர் முதலில் சுவரில்தான் போட்டுப் பார்த்தார். சுண்ணாம்பு ஒட்டிக்கொண்டது. முழங்கையில் போட்டார். ரோமம் தடுத்தது. வேறு வழியில்லாமல், கதவைத் தாழ்போட்டுவிட்டு, மனைவியின் கைக்கண்ணாடியை ஜன்னல் மேஜை மேல் சாய்த்து வைத்து, தன் முகத்தின் எதிரே உட்கார்ந்தார்.

உட்காரும்போது மேஜைக்காகத்தான் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் மேஜை மறந்துபோயிற்று. கிரீமைத் தட்டைப் பிரஷ்ஷால் இழுத்தார், கோடு கோடாக வந்தது. அழுத்தாமல் தட்டித் தட்டி ஒற்றினார், கோடு மறைந்தது. ஓகோ, இதற்கு இழுக்கக் கூடாது போலிருக்கிறது! சாய்வுப் பிரஷ்ஷைக் கன்னத்தில் வைத்ததும், அந்தச் சாய்வு எலும்பின் சாய்வோடு சரியாகப் போய்ப் பொருந்தியது. சக்கரத்தின் பல்லும் பல்லும் பொருந்துகிற மாதிரி பொருந்தியது. "இதை யாரு யோசிச்சது?" என்று கண்ணாடியைப் பார்த்துக் கேட்டார். நீலத்தையும் பழுப்பையும் இமை மேல் போட்டு, இரண்டும் சந்திக்கிற இடத்தில் எல்லை தெரியாமல் கலந்தார். கை நடுங்காமல் மை கோடு விழுந்தது. வருஷக்கணக்காக முள் பொருத்திய கை அல்லவா!

ஒரு பக்கம் கல்யாணப் பெண், மறு பக்கம் நாலு நாள் தாடியோடு வாட்ச்காரர். அந்த நேரத்தில் ஜன்னலில் ஒரு நிழல் விழுந்தது.

"தம்பி, என் ஸ்டாப் வாட்ச் ரெடியா?" என்று கேட்டபடி எட்டிப் பார்த்த அம்பயர் அப்படியே நின்றுவிட்டார். கதவைத் தாழ்போட்டவர் ஜன்னலை மறந்திருந்தார்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இடது பக்கம் நல்லா வந்திருக்கு," என்றார் அம்பயர் கடைசியில்.

"அண்ணே! அண்ணே! அவகிட்ட சொல்லிடாதீங்க!"

"நான் ஏன் சொல்லணும்? யாராவது அப்பீல் பண்ணினாத்தான் நான் கையத் தூக்குவேன். கேக்காம அவுட் குடுக்கறது ஆட்டத்துலயே கிடையாது."

"யாரும் கேக்க மாட்டாங்க!"

"அப்ப ஆடு," என்று சொல்லிவிட்டு அம்பயர் மாடிக்குப் போனார்.

வாட்ச்காரர் மறு பக்கத்தையும் முடித்தார். தேவைக்காகப் பாதி, பாதியில் விட மனமில்லாமல் பாதி. பிரஷ்களில் வண்ணம் நன்றாக உள்ளே இறங்கியிருந்தது. பழைய அழுக்குக்கும் புது அழுக்குக்கும் அவராலேயே வித்தியாசம் சொல்ல முடியவில்லை. டம்ளர்களை அதே இடத்தில் வைத்தார். முகத்தைச் சோப்பும் எண்ணெயும் போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பழைய முகத்தைக் கண்டுபிடித்தார். மனைவி வரும்போது லென்ஸை மாட்டிக்கொண்டு மும்முரமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

மனைவி பெட்டியை இறக்கினாள். டம்ளர்களைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். மறுபடி டம்ளர்களைப் பார்த்தாள். வாட்ச்காரருக்கு அதுதான் பயமாக இருந்தது.

"என்ன, ஏதாவது கேக்கணுமா?"

"நான் என்னத்தக் கேக்கப் போறேன்? கேட்டா சாட்சி எங்கம்பீங்க. மாடியில அம்பயர் அண்ணன் இருந்தாக் கொஞ்சம் கூப்பிடுங்க."

அப்பீல்! கூப்பிடவும் பயம். கூப்பிடாமல் இருக்கவும் முடியாது. அம்பயர் இறங்கி வந்தார். முகத்தில் எதையும் காட்டாமல் நின்றார்.

"அண்ணே, ஒரு அவுட் குடுக்கணும்," என்றாள் மனைவி.

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

வாட்ச்காரர் கண்ணிலிருந்த லென்ஸ் கழன்று விழுந்தது.

"நேத்து இவரு வெளிய போயிருந்தப்ப, கண்ணுல மாட்டற அந்த லென்ஸை எடுத்தேன். ஒத்திகைக்கு வந்த பொண்ணுக்குப் போட்ட மை கோடு சரியா விழுந்திருக்கான்னு பாக்க. பாத்துட்டுத் தொடச்சு அதே இடத்துல வெச்சுட்டேன். இவருக்குத் தெரியவே தெரியாது. சொல்லாம இருந்துடலாம்னுதான் நெனச்சேன். மனசு கேக்கல. சட்டம்னா சட்டம்." அவள் குரல் தழுதழுத்தது. "இனிமே மேஜையை நான் கேக்கவே மாட்டேன். அரை நாள்கூட வேண்டாம். இந்தப் பிரஷ்ஷு, டப்பா எல்லாத்தையும் தெரிஞ்சவங்க பார்லர் ஒண்ணுக்குக் கொண்டு போய், ஒரு மூலையில வெச்சுக்கறேன். இவரு நிம்மதியா வேலை பாக்கட்டும்."

ஜெயித்தாயிற்று. மேஜை ஆயுசுக்கும் அவருக்குத்தான். வாட்ச்காரர் வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்தால் போதும். ஆனால் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு டம்ளர்களை எடுக்கப் போனாள். அதைப் பார்த்ததும் அவருக்கு என்னவோ போலாகிவிட்டது. இவ்வளவு நேர்மையானவளை ஏமாற்றுகிறோமே என்று வெட்கமாக இருந்தது. அதைவிட, இன்றைக்குக் கண்டுபிடித்ததையெல்லாம் இவளிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? பிரஷ்களெல்லாம் போய்விட்டால், அந்த விசிறிப் பிரஷ் எதற்கென்று எப்போது தெரிந்துகொள்வது?

"எடுக்காத!" என்று கத்தினார். "நீ எங்கயும் கொண்டு போக வேண்டாம். தப்பு என் மேலதான்."

"உங்க மேலயா? நீங்க என்ன பண்ணினீங்க?" என்றாள் மனைவி கண்ணை அகல விரித்து.

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. பஞ்சு இழையில் ஆரம்பித்தார். எண்ணெய் மீசை, எலி வால், ரோஜாத் தண்ணீர், சுவர், முழங்கை, முகம், ஒன்று விடவில்லை. "கிரீமை இழுக்கக் கூடாது, ஒத்தணும், இல்ல?" என்றார். "அந்தச் சாய்வு இருக்கே, அது கன்னத்து எலும்புக்குன்னே வெட்டினது, இல்ல?" மனைவி தலையைத் தலையை ஆட்டினாள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"எல்லாம் புரிஞ்சுது, அந்த விசிறிப் பிரஷ் மட்டும் எதுக்குன்னு புரியல."

"அதுவா? கண்ணுக்குப் பவுடர் போடறப்ப கன்னத்துல தூசு மாதிரி உதிரும். தொட்டும் தொடாம அதைத் தட்டி விடறதுக்கு."

"அடடா! நான் டயலுக்கு அதை எடுத்திருக்கணும்!" என்று வாட்ச்காரர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "தெரியாம பவுடர் பிரஷ்ஷை எடுத்துத் தொலைச்சுட்டேனே!"

மனைவி அம்பயர் பக்கம் திரும்பினாள். "என்னண்ணே? கேட்டீங்கல்ல?"

அம்பயர் ஆள்காட்டி விரலை உயரத் தூக்கினார்.

வாட்ச்காரருக்கு அப்போதுதான் தான் எங்கே நிற்கிறோம் என்பது உறைத்தது. ஆனால் வாதாடுகிற வாய் அத்தனை சீக்கிரம் ஓயுமா? "பொறுங்கண்ணே! அவளும் லென்ஸைத் தொட்டிருக்கா. தானா ஒத்துக்கிட்டா. ரெண்டு பேரும் அவுட்டுன்னா ஆட்டம் சமம். மேஜை இருந்த இடத்துல இருக்க வேண்டியதுதானே?"

விரல் பாதி இறங்கியது. "அதுவும் நியாயமாத்தான் தெரியுது. ஏம்மா, நீ லென்ஸைத் தொட்டது நிஜந்தானே?"

"இல்லண்ணே," என்றாள் மனைவி. "அதை எங்க வெப்பாருன்னுகூட எனக்குத் தெரியாது."

"அப்ப இவ்வளவு நேரம் சொன்னது?" வாட்ச்காரர் குரல் கீச்சிட்டது. "அழுதியே! அத்தனையும் பொய்யா?"

மனைவி கைக்கண்ணாடியை எடுத்து ஜன்னலோர மேஜை மேல் சாய்த்து வைத்தாள். வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"தொடக் கூடாதுன்னுதானே சட்டம் போட்டீங்க? பொய் சொல்லக் கூடாதுன்னு போடலையே."